ஒரு வீட்டில் இரண்டு அபேட்சகர்கள்

நேற்றுப் பின்னேரம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மண்டபக் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. மத்தியானமே வடித்து, சூட்டுத் தட்டில் வைத்துக் கருகவிட்ட கோப்பி. அதோடு ஈரமான கம்பளிக் கோட்டுகளின் மணம். இந்த நாட்டில் எந்தக் கூட்டம் நடந்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் நடக்காது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, மச்சான். இன்னும் அந்த மணம் வந்தால் எனக்குக் காது சுடுகிறது. கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் போய் இருந்தேன்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு ஆள் வேண்டும், யாருக்கு விருப்பம் என்று தலைவர் கேட்டார். மூன்றாம் மாடியில் இருக்கிற ஒரு பெண் கையை உயர்த்தி, தனக்கு விருப்பம் என்றாள். அவ்வளவுதான். அவளைத் தெரிவுசெய்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் அவளை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவும் மனமில்லாமல் இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை இப்போது கடதாசிக்குச் சொல்கிறேன். அந்தளவு துணிச்சல்காரன் நான்.

டென்மார்க்கின் வைலே நகரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு இரண்டறை வீட்டைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்த காலம். உனக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, எனக்கு வைத்தியசாலைச் சலவைப் பகுதியில். உன் ஜெசிந்தாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மன்னாரில். என் மனைவியும் மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜில். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் தன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொன்னது. நாங்களும் விண்ணப்பித்தோம். அதற்குப் பிறகு ஒன்றுமே அசையவில்லை. ரெலிபோன் எடுத்துக் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது, பொறுங்கள் என்பார்கள். அது ஏன் அசையவில்லை என்பது பிறகு நாடு முழுவதற்கும் தெரியவந்தது. அப்போது எங்களுக்குத் தெரியாது. தன்னுடைய விஷயத்தில்தான் ஏதோ பிழை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்து, மற்றவனிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தோம். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் உன் மூத்தவள் மேசைக்குக் கீழே ஓடிப் படுக்கிறாள் என்று ஜெசிந்தா எழுதியிருந்தாள். அதை நீ எனக்கு ஒரு தரம்தான் சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பேச்சு வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாய்.

அந்த வருஷம் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். வேலை முடிந்து வந்து, குளித்தும் போகாத இறைச்சி மணத்தோடு, ரெலிவிஷனுக்கு முன்னால் குந்திவிடுவாய். ஊரில் ஏ.எல். பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பித்த ரியூசன் மாஸ்டர் நீ. அமெரிக்காவில் ஒரு கட்சி தன் ஜனாதிபதி அபேட்சகரை எப்படித் தெரிவுசெய்கிறது என்பது உன் பாடத்தில் ஒரு அத்தியாயம். நான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன். எனக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. அதனால் நீ சொல்லச் சொல்ல, ஏற்கெனவே தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டு இருப்பேன்.

ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாய்.

"முந்தின காலத்தில அங்க ஒருத்தன் எனக்குப் பதவி வேணும் எண்டு வாயால கேட்டால் மரியாதை போச்சு. முதல்ல அவையின்ர பாராளுமன்றமான காங்கிரசில இருந்த கட்சிக்காரர் தங்களுக்குள்ள கூடி ஆளைத் தீர்மானிச்சினம். பிறகு மாநாடு வந்தது. அந்த மாநாட்டுக்கு அபேட்சகர் போகக்கூடாது. தன்ர வீட்டில இருக்கோணும். மற்ற ஆக்கள் நாள்கணக்கா இழுபட்டு, திரும்பத் திரும்ப வோட்டுப் போட்டு, ஒருத்தரைத் தெரிஞ்செடுப்பினம். கன நாள் போனபிறகு ஒரு குழுவா அவற்ற வீட்டுக்குப் போய், ஐயா உங்களைத்தான் தெரிஞ்சிருக்கிறம் எண்டு சொல்லுவினம். அவரும் அண்டைக்குத்தான் கேள்விப்படுற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு நிப்பார்."

"அவருக்கு அதுவரைக்கும் தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? மாநிலத்துக்கு மாநிலம் ஆள் வைச்சு வேலை பாத்ததே அவர்தானே."

"உதுதான் மரியாதை" என்றேன் நான். "ஆக்கள் வந்து கேக்கோணும். நாங்கள் போய்க் கேக்கக்கூடாது."

"உது மரியாதை இல்லை மச்சான். நாடகம்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைச் சட்டியில் போட்டாய்.

உனக்குப் பிடித்தது பிறகு வந்த முறை. பனி கொட்டுகிற நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிற பெரிய பெரிய மனிதர்கள் விடியக்காலையில் தொழிற்சாலை வாசலில் நின்று, வேலைக்குப் போகிறவர்களிடம் கை குடுப்பதை ரெலிவிஷன் காட்டும். கட்சியின் வாக்கை ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு வாங்கவேண்டும். எனக்கு அதைப் பார்க்கவே கூசும். நரைத்த தலையோடு நின்று ஒரு கடைக்காரப் பெண்ணிடம் கெஞ்சுகிறானே என்று இருக்கும். உனக்கோ முகம் மலர்ந்துவிடும்.

"பார், அந்தாள் வடிவாக் கேக்குது. எனக்கு இது வேணும், தாங்கோ எண்டு கேக்குது. அபேட்சகர் எண்டால் ஆசைப்படுறவன் எண்டுதானே அர்த்தம். பிறகென்ன வெக்கம்?"

அந்த வருஷம் இலை உதிர்கிற காலத்தில்தான் ஸ்வென் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தார். உள்ளூர்க் கட்சிக் கிளை ஒன்றின் தலைவர், நரைத்த தாடிக்கார ஆசிரியர். எங்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்லி உதவினவர் என்பதால் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அவருடைய கட்சியில் அங்கத்தவராகச் சேர்ந்திருந்தோம். அடுத்த வருஷம் கொம்யூன் என்கிற நகரசபைக்குத் தேர்தல் வருகிறது, மூன்று வருஷம் இங்கே இருந்த வெளிநாட்டவரும் நிற்கலாம், உங்களில் ஒருவரைச் சொல்லுங்கள், எங்கள் பட்டியலில் கடைசி இடத்தில் போடுகிறோம் என்றார். வெல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கட்சியின் மாவட்டக் கூட்டத்தில் பேச ஐந்து நிமிஷம் உண்டு, அங்கே பாராளுமன்ற உறுப்பினர்களும் வந்து இருப்பார்கள் என்றார்.

அந்த ஐந்து நிமிஷம்தான் எங்கள் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. மனைவி பிள்ளைகள் ஏன் இன்னும் வரவில்லை என்று அவர்களின் முகத்துக்கு நேரே கேட்க ஒரு வாய்.

ஸ்வென் போனதும் நீ எழும்பினாய். "இது எனக்கு வேணும்" என்றாய். "நான் நிக்கிறன். எனக்குத் தாங்கோ."

அங்கே இருந்த அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியாதா என்ன? ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டாம் தரமும் சொல்லவேண்டும். மூன்றாம் தரம் வீட்டுக்காரி கையில் திணித்தால்தான் குடிக்கலாம். பதவியும் அப்படித்தான். கோயில் தர்மகர்த்தா என்றாலும் சரி, வாசிகசாலைத் தலைவர் என்றாலும் சரி, ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து கதிரையில் இருத்தவேண்டும். தானாகக் கேட்டால் அவனுக்குப் பதவி ஆசை. அன்றைக்கு இரவே சங்கத்து மூத்தவர் அருளர் எனக்கு ரெலிபோன் எடுத்து, "உம்மட கூட்டாளிக்கு என்ன, விசரோ?" என்று கேட்டார். நான் உனக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிரித்தேன்.

நீ விடவில்லை. வேலை முடிந்து வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு, தமிழர் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போனாய். குந்தியிருந்து, அவரவர் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டு, கடைசியில் உன் கேள்வியைக் கேட்பாய். உன்ர கை எனக்கு உயருமோ என்று. அதோடு நின்றாயா? கட்சியில் இருக்கிற டெனிஷ்காரர் வீடுகளுக்கும் போனாய், மீன் ரோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் அடுக்கி, துணியால் மூடிக்கொண்டு. முன்கூட்டி நேரம் குறிக்காமல் சொந்த அண்ணன் தம்பி வீட்டுக்கே போகாத சனம் இது. ஒருவர் ஜன்னலால் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். இன்னொருவர் நீ சாப்பாடு விற்கிறாய் என்று நினைத்து வேண்டாம் என்றார். கிர்ஸ்டன் என்ற வயதான பெண் மட்டும், குளிரில் நிற்கிறாயே என்று உள்ளே கூப்பிட்டு இருத்தினாளாம். இதையெல்லாம் நீ வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எங்கள் ஆட்கள் அதையே வேறு மாதிரிச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் வீட்டுப் படியில் நின்று பிச்சை எடுக்கிறான் என்றார்கள். உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் என்ன செய்தேன்? நான் வீட்டில் இருந்தேன். யாராவது கேட்டால் எனக்கு உந்தத் தலையிடி வேண்டாம் என்றேன். அதே கிழமை என் கடும் நீலக் கோட்டையும் காற்சட்டையையும் சலவைக்கடையில் குடுத்து, அழுத்தி எடுத்துவந்து அறைக் கதவில் கொழுவிவிட்டேன். ஒரு கலியாணமும் இல்லை, ஒரு கொண்டாட்டமும் இல்லை. நீ அதைக் கண்டாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"உனக்கும் விருப்பமோ மச்சான்? விருப்பமெண்டால் சொல்லு. நான் விலகிறன்."

"சீ. எனக்கென்னத்துக்கு?"

"அப்ப உன்ர கை எனக்கோ?"

"பாப்பம்" என்றேன்.

அந்த 'பாப்பம்' இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அது வேண்டும், மச்சான். உனக்கு வேண்டிய அளவுக்கே வேண்டும். என் மகன் கொழும்பு லொட்ஜில் நடக்கப் பழகி, ஓடவும் பழகிவிட்டான். நான் அவனைத் தூக்கினதே இல்லை. ஆனால் அதை வாயால் கேட்டு வாங்குகிறவன் நான் இல்லை என்று இந்த ஊருக்குக் காட்டவும் வேண்டும். இரண்டும் வேண்டும் எனக்கு.

சங்கக் கூட்டம் நிலவறை மண்டபத்தில் நடந்தது. பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை. அருளர் எழும்பி, வாய் திறந்து கேட்காத ஒழுங்கான மனிதர் ஒருவர் எங்களுக்குள் இருக்கிறார் என்று என் பெயரைச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். எல்லாரும் என்னையே நிற்கச் சொன்னார்கள். நான் திரும்பவும் வேண்டாம் என்றேன். "சும்மா இரும், உம்மை ஆர் கேட்டது" என்று அருளர் என் தோளைப் பிடித்து அழுத்தி இருத்தினார். அந்த அழுத்தல் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? கைகள் உயர்ந்தன. உன் கையும் உயர்ந்தது. நீ எனக்குத்தான் கையை உயர்த்தினாய். வீடு வீடாகப் போய் நீ கேட்ட ஆட்களில் ஒருவரும் உனக்குக் கை உயர்த்தவில்லை.

கட்சியின் தெரிவுக் கூட்டத்துக்குப் போன அன்று நீதான் எனக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டாய். பஸ்சில் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாய்.

"ஸ்வென் ஒருக்காத்தான் கேப்பார். ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இரு."

"எனக்குப் படிப்பிக்காதை" என்றேன்.

நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. சலவைப் பகுதியில் சேர்ந்த முதல் கிழமை ஒருத்தி கேக் நீட்டினாள். நான் 'நை தக்' என்றேன், வேண்டாம் என்று. அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அந்த மாரி முழுவதும் அங்கே எனக்கு ஒருவரும் கேக் நீட்டவில்லை. இந்த ஊரில் ஒருவன் வேண்டாம் என்றால் அவனைத் திரும்பக் கேட்பது மரியாதைக்குறைவு. அதை அனுபவித்துத் தெரிந்தவன் நான்.

மண்டபம் நிறைய ஆட்கள். எங்கள் ஆட்கள் கடைசி வரிசையில், நான் மட்டும் முன்னால். ஸ்வென் என் பெயரைக் கஷ்டப்பட்டு உச்சரித்து, தமிழ் நண்பர்கள் இவரைப் பிரேரித்திருக்கிறார்கள், நிற்க விருப்பமா என்று கேட்டார். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அத்தனை பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று ஆசைப்பட்டேன், மச்சான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழும்பினேன். "நை, நை, தக்" என்றேன். என்னைவிடப் பொருத்தமானவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று டெனிஷில் பாடமாக்கி வைத்திருந்த வசனத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தமுகத்தோடு இருந்தேன், இனிக் கேட்பார்கள் என்று.

ஸ்வென் மரியாதையாகத் தலையசைத்தார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, உங்கள் முடிவை மதிக்கிறோம் என்றார். அடுத்து, கோடைகால ஒன்றுகூடலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

பின்னால் எங்கள் ஆட்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். அருளர் எழும்பி வந்து என் முதுகில் தட்டி, "என்னப்பா செய்துபோட்டீர்?" என்றார். ஒரு வசனம் போதும். எழும்பி, மன்னியுங்கள், எனக்கு விருப்பம் என்று சொன்னால் போதும். அந்த வசனம் எனக்குத் தெரியும். டெனிஷிலும் தெரியும். நான் எழும்பவில்லை. எனக்கு அது வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே என்று வெட்கம். உன் பிள்ளை அங்கே மேசைக்குக் கீழே படுக்கிறாள், என் பிள்ளை லொட்ஜில் நிற்கிறான், எனக்கு இங்கே வெட்கம்.

அப்போதுதான் பின்னால் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வேலைக்குப் போடுகிற அதே மேற்சட்டையோடு நீ எழும்பி நின்றாய்.

"யாய் வில் கெர்ன" என்றாய்.

எனக்கு விருப்பம் என்று அர்த்தம். மொழிப் பள்ளிக்கூடத்தில் முதல் கிழமை சொல்லித்தருகிற வசனம். பேக்கரியில் பாண் வாங்க நாங்கள் தினமும் சொல்லுகிற வசனம். சிலர் சிரித்தார்கள். ஸ்வென் சிரிக்கவில்லை. விதிப்படி இன்னொரு அங்கத்தவர் உன்னை முன்மொழிய வேண்டும் என்றார். முன்மொழிய வேண்டியவன் நான். நான் நீ கட்டிவிட்ட கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு இருந்தேன். எங்கிருந்தோ கிர்ஸ்டன் எழும்பினாள். தடியை ஊன்றிக்கொண்டு நின்று, ஒவ்வொரு சொல்லாக, எங்களுக்கும் விளங்குகிற டெனிஷில் சொன்னாள்.

"இவர் என் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். இத்தனை வருஷத்தில் வேறு ஒருவரும் வந்து கேட்டதில்லை. இவரை நான் முன்மொழிகிறேன்."

கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் உயர்ந்த பிறகு என் கையும் உயர்ந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் நீ என்னை ஒன்றும் சொல்லவில்லை. பசிக்குது, முட்டை பொரிப்பமோ என்று கேட்டாய். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. "இப்ப உனக்குச் சந்தோஷம்தானே?" என்று எரிந்து விழுந்தேன். நீ நின்று என்னைப் பார்த்தாய். "ஓம். எனக்கு அது வேணும்" என்றாய். அதில் ஒரு குத்தலும் இல்லை.

மாவட்டக் கூட்டத்தில் நீ பேசினதை நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். உன் டெனிஷ் நொண்டியது. மனைவியின் பெயரைச் சொன்னாய், பிள்ளைகளின் பெயரைச் சொன்னாய், அவர்கள் இருக்கிற இடத்தைச் சொன்னாய். "சட்டம் சொன்னபடி கேட்டேன், பொறு என்றார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டேன், அதற்கும் பொறு என்றார்கள். ஆகவே இங்கே வந்து கேட்கிறேன்." அவ்வளவுதான் உன் பேச்சு. ஐந்து நிமிஷமும் முடியவில்லை. இறங்கிவந்து என் பக்கத்தில் இருந்தாய். முன்வரிசையில் ஒரு பெண் பாராளுமன்ற உறுப்பினர் திரும்பி உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனால்தான் ஏதும் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன், நீயும் ஒரு நாளும் சொல்லவில்லை. சட்டத்தரணிகள், பத்திரிகைக்காரர், எத்தனையோ பேர் அப்போது வேறு வேறு பக்கத்தால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. என் மனைவியும் மகனும் முதலில் வந்தார்கள். உன்னுடையவர்கள் வர இன்னும் மாதங்கள் எடுத்தன. என் ஆட்களைக் கூப்பிட விமான நிலையத்துக்கு என்னோடு வந்தவன் நீ. என் மகன் என்னைக் கண்டு பயந்து அழ, அவனைத் தூக்கித் தேற்றினவனும் நீ.

தேர்தலில் உனக்கு விழுந்த வாக்குகள் கொஞ்சம்தான். அதைப்பற்றி நீ கவலைப்படவே இல்லை. சில வருஷம் கழித்து, எங்கள் விண்ணப்பங்களை வேண்டுமென்றே நிறுத்திவைத்த கதை விசாரணையில் வெளியே வந்து அரசாங்கம் பதவி விலகின அன்று, இரண்டு குடும்பமும் உன் வீட்டில் இருந்து ரெலிவிஷன் பார்த்தோம். "பார், ஒரு அரசாங்கமே வெக்கப்பட்டு எழும்பிப் போகுது" என்றாய். நான் சிகரெட் பிடிக்கிற சாட்டில் பல்கனிக்குப் போய்விட்டேன். இப்போதாவது அந்த மண்டபத்துக் கதையை எடுப்பாய் என்று பயம். நீ எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. பகிடிக்குக்கூட எடுக்கவில்லை. உன் மௌனம் இளக்காரம் என்று நானாக நினைத்து, நீ கூப்பிட்ட பிறந்தநாள்களுக்குச் சாட்டுச் சொல்லி வராமல் இருந்த காலமும் உண்டு.

கடைசியாக வைத்தியசாலையில் உன்னைப் பார்க்க வந்தபோது தாதி என்னிடம் ஜூஸ் வேண்டுமா என்று கேட்டாள். வாய் தன்பாட்டில் நை தக் என்றது. அவள் போய்விட்டாள். உண்மையில் எனக்குத் தொண்டை வறண்டுபோய் இருந்தது. நீ அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, கண்ணால் தண்ணீர் வந்து, "இன்னும் நீ திருந்தேல்ல" என்றாய். உன்னுடைய ஜூஸை என் பக்கம் தள்ளிவிட்டாய். அதை நான் குடித்தேன். சொல்லவேண்டியதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நீ களைத்துப்போய்க் கண்ணை மூடினாய், நானும் அதையே சாட்டாக்கிக்கொண்டு எழும்பி வந்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாடு. ஒரு மூலையில் தட்டோடு இருந்தேன். ஜெசிந்தா என்னைத் தேடி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மெலிந்துபோய் இருக்கிறாள், மச்சான்.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும் எண்டு கன நாளா இருக்கு" என்றாள். "நாங்கள் இஞ்ச வந்திறங்கின அண்டைக்கே அவர் எனக்குச் சொன்னவர். அந்தக் கூட்டத்தில உங்களைத்தான் தெரிஞ்செடுத்திருந்ததாம். நீங்கள்தான் எழும்பி, வேண்டாமெண்டு சொல்லி, அவருக்கு விட்டுக்குடுத்தனீங்களாம். உங்கட மனிசியும் பிள்ளையும் அங்க நிக்கேக்க. பிள்ளையளுக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் வளத்தவர். நான் ஒருநாளும் உங்களுக்கு நன்றி சொன்னதில்லை."

என் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. முப்பது வருஷத்துக்கு மேலாக நீ என் பெயரை உன் வீட்டில் இப்படியா வைத்திருந்தாய்? அந்த நீலக் கோட்டைக் கதவில் கண்டவன் நீ. பாப்பம் என்று சொன்னதைக் கேட்டவன் நீ. ஓம் என்று மட்டும் சொல்லு என்று பஸ்சில் சொன்னவனும் நீதான். எல்லாம் தெரிந்துகொண்டு சொன்னாயா? இல்லை, மெய்யாகவே அப்படி நம்பிவிட்டாயா? எது என்றாலும் எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நான் சாட்டுச் சொல்லி வராமல் விட்ட பிறந்தநாள்களில்கூட உன் பிள்ளைகள் என்னைப்பற்றி இதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இந்த முறையாவது வாயைத் திறக்கவேண்டும் என்று திறந்தேன்.

"இல்லைத் தங்கச்சி. அப்பிடி இல்லை. நான் விட்டுக்குடுக்கேல்ல. எனக்கு அது வேணும். திருப்பிக் கேப்பினம், கெஞ்சுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அவை கேக்கேல்ல. கடைசியா உயந்த கைகூட என்ர கைதான். எனக்கு நீங்கள் நன்றி சொல்லக்கூடாது. வேண்டாம்."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன்னை நினைத்தோ என்னவோ, சிரித்தாள்.

"அவர் இதையும் சொன்னவர், அண்ணை. ஆராவது நன்றி சொன்னால் நீங்கள் இப்பிடித்தான் மறுப்பியள் எண்டு."

எழும்பிப் போய், என்னைக் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து என் தட்டில் போட்டாள். உன் மூத்தவளும் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவள் சொன்ன நன்றியையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன், நீ கட்டிவிட்டுப் போன அந்த நல்ல பெயரை. வாழ்நாளில் முதல்தரம் அன்றைக்குத்தான் மனதார வேண்டாம் என்று சொன்னேன், மச்சான். அதை ஒருவரும் நம்பவில்லை.